கன்னத்தில் வைத்த மை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஆவணி, 1929

அன்புள்ள அக்காவுக்கு, தங்கை பவுனம்மாள் கும்பிட்டு எழுதுவது. அத்தானுக்கு மூச்சிரைப்பு தணிந்ததா? என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நான் ஆயாவாக இருக்கும் துரை வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். கண்ணேறு பட்டிருக்கும் என்று நினைத்து, முகம் துடைத்துக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்துவிட்டேன். துரைசாணி அதை அழித்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ கத்தினாள். சமையற்கார இருதயம் அண்ணனைக் கேட்டேன்.

“நீ அத்துமீறிட்டியாம்.”

“அப்படின்னா என்னண்ணே?”

“அடுத்தவங்க வேலிய தாண்டுறது. பெத்தவ செய்ய வேண்டியத நீ செஞ்சிட்ட, தங்கச்சி.”

வேலை போகவில்லை, கவலைப்படாதே. கப்பலேறி வருகிறவர்களிடம் நம் வீட்டு மை ஒரு டப்பி கொடுத்தனுப்பு. புதுச்சட்டை தைக்க அளவுக்கு என் மகள் மருதாயி உடுத்திய சட்டை ஒன்றும் வேண்டும். அதைத் துவைக்க வேண்டாம்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. அவள் உன்னை அம்மா என்று கூப்பிடுவதாகவும், ‘பெரியம்மான்னு சொல்லு’ என்று நீ ஒவ்வொரு தடவையும் திருத்துவதாகவும் எழுதியிருந்தாய்.

இனிமேல் திருத்தாதே, அக்கா.

பவுனம்மாள்