வாப்பா உறங்காத இரவு

சாய்ந்தமருது
22.05.1988

அன்பு மகன் ஜுனைதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹா வெயிலில் உன்னை அல்லாஹ் சுகமாக வைத்திருக்கட்டும். நாங்களும் சுகம் என்று எழுதச் சொல்லிவிட்டு வாப்பா கடைத்தெருவுக்குப் போய்விட்டார். அவருடைய சுகத்தைப் பற்றித்தான் மகன் இந்தக் கடிதமே.

வாப்பாவின் குறட்டையைச் சொல்லி நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். இப்போது அது நடுவில் அறுந்து மூச்சே நின்றுவிடுகிறது, நான் தோளைப் பிடித்து உலுக்கினால்தான் திணறிக்கொண்டு திரும்ப வருகிறது. பெரும்போக விதைப்பு நேரம் உழவு மெசினில் இருந்தபடியே கண்ணயர்ந்து வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார், பயந்துவிடுவாய் என்று உனக்கு எழுதவில்லை. கல்முனை றெஜினோல்ட் டாக்குத்தர் துண்டு எழுதி மட்டக்களப்புக்கு அனுப்பினார், அங்கே தொண்டையைப் பார்த்தவர் கொழும்புக்கு இன்னொரு துண்டு தந்தார். கொழும்புப் பெரிய டாக்குத்தர், ஓர் இரவு ஆஸ்பத்திரியில் வயர்களை ஒட்டிக்கொண்டு உறங்க வேண்டும், மூச்சு எத்தனை தரம் நிற்கிறதென்று பார்த்துத்தான் வைத்தியம் என்று திகதி தந்தார். பிறையைக் கணக்குப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. நோன்பு தொடங்கிய பிறகுதான் அது விடிய விடிய விழித்து வணங்கும் இருபத்தேழாம் இரவு என்று விளங்கியது. நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான், உறங்குங்கள் என்று பள்ளி ஆலிம்சா சொன்னதற்கு வாப்பா நல்லபிள்ளையாகத் தலையாட்டினார். கொழும்பில் போய், ஊரே பள்ளியில முழிச்சிருக்க நான் மட்டும் உறங்கவா வந்த என்று, வயர்களோடு எழும்பி இருந்து விடியும்வரை தஸ்பீஹ் மணி உருட்டினார். நேர்ஸ் பிள்ளை கெஞ்சினாள், நான் ஏசினேன், ஒன்றும் நடக்கவில்லை. உறங்காத ஆளுக்கு என்ன நோய் என்று நான் சொல்ல என்று டாக்குத்தர் கேட்டார். இனி ஆவணியில்தான் திகதி.

சிரிக்காதே மகன், அன்றிரவு அவர் விழித்திருந்ததால் அவருடைய மூச்சுக்குக் காவல் இருக்கும் வேலை எனக்கு இல்லை, கதிரையில் சாய்ந்தவள் ஸஹர் சாப்பாட்டு நேரம் வரை உறங்கிவிட்டேன். அப்படி உறங்கி எத்தனையோ வருடம். எழும்பிப் பார்த்தால் அவருடைய போர்வை என்மேல் கிடந்தது. வரும்போது நேர்ஸ் பிள்ளை, அடுத்த தரம் வாப்பாவுக்கு மூச்சு நின்றால் தொடக் கூடாது உம்மா, அது மெசினில் பதிய வேண்டும், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கை சும்மா இருக்குமா மகன்?

உழவு மெசினில் ஏற வேண்டாம், ஆவணியில் படுத்து உறங்குங்கள் என்று வாப்பாவுக்குத் தனியாக எழுது, நீ சொன்னால் கேட்பார். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஈமானையும் தரட்டும். ஐந்து நேரத் தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அந்த ஓர் இரவு மட்டும் என் கைக்குப் பொறுமையைக் கொடு என்று எனக்காகவும் துஆக் கேள்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஹவ்வா உம்மா