கொக்கிக்கு நேராக

வான்மதி,

'டமார்' என்ற சத்தம் உன்னை எழுப்பியிருக்கும். பயப்படாதே, படுத்துத் தூங்க வசதியுள்ள அந்தப் புது ட்ரெய்லர் நம் பிக்கப் ட்ரக்கின் கொக்கியில் உட்கார்ந்த சத்தம்தான்.

"பொண்ணே போய்ட்டா, இனி யாருக்குங்க இது?" என்று நேற்று சண்டை போட்டாய். நம் மிருதுளா கடைசி மூச்சு வரை ஆசைப்பட்ட வண்டி. ஜார்ஜ்டவுன் ஏரி வரை ஒருமுறையாவது இழுத்துப் போகிறேன். கோபத்திலும் பிக்கப் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறாய். ட்ரெய்லருக்கு மறந்துவிட்டாய், நான் வைத்தேன்.

இட்லி ஹாட்பாக்ஸில். உன் கார் சாவி ஷூ ரேக் மேல். தெருமுனை கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட்டுவிட்டு உனக்காகப் பத்து மணி வரை நிற்பேன்.

ரஞ்சித்

பி.கு.: பின்னால் நின்று வழி சொல்ல ஆளில்லாமல்தான் ரிவர்ஸ் எடுத்தேன். கண்ணாடியில் யாரும் இல்லை. கொக்கிக்கு நேராக வந்ததும் அவள் குரல் கேட்டது:

"ஓகே, ஸ்டாப்! அம்மா வரலையாப்பா?"