கோப்போடு கட்டிய ஈஸ்ட்

மார்ச் 4
காலை முழுவதும் படிவம். எங்கள் ஈஸ்ட், துணிக்கான நீலச் சாயத்தைச் சுரக்கும் என்று பதினோரு இடத்தில் எழுதினேன். உயிரிப் பொருளாதாரத் திட்டத்தில் ஈஸ்ட்டைப் பெருக்கும் அரசின் பெரிய தொட்டி, அந்த நொதிகலன், மூன்று வாரம் கிடைத்தால் போதும், சாயப்பட்டறைக்காரர் கேட்ட ஒரு டிரம் சாயத்தைக் கொடுத்துவிடலாம். மே கடைசிவரைதான் பொறுப்பாராம். மாதிரிக் குழாயை, என்னோடு ஆய்வகம் நடத்தும் நாத்தனாரே ஐஸ் பெட்டியில் வைத்துத் திட்ட அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மார்ச் 27
பதில் இல்லை.

ஏப்ரல் 22
"அண்ணி, செத்துப்போச்சாம்" என்று நாத்தனார் கடிதத்தை நீட்டினாள். 'மாதிரியில் வளர்ச்சி இல்லை. விண்ணப்பதாரரின் கூற்று நிரூபணமாகவில்லை.' கூற்றா? மூன்று வருடம் நாங்கள் இருவரும் கண்விழித்து வளர்த்தது வெறும் கூற்றா?

ஏப்ரல் 23
நேரில் போனேன். குழாயை உறையில் போட்டு, நாடாவால் கோப்போடு இறுக்கிக் கட்டி, பதிவறை இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். ஏழு வாரம்! மேற்கு வெயில் நேராக விழும் இடம். கை வைத்தேன், சுட்டது. 'குளிரில் வைக்கவும்' என்று நான் ஒட்டிய சீட்டின் மேலேயே முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

எழுத்தர் அசரவில்லை. "இணைப்புன்னா ஃபைலோடதான மேடம் இருக்கணும்? தனியா வெச்சு தொலைஞ்சுட்டா, நீங்கதான் சண்டைக்கு வருவீங்க." சூதுவாது இல்லாமல்தான் சொன்னார். அது இன்னும் எரிச்சல். உசுருள்ளதுய்யா அது— கத்திவிட்டேன். சத்தம் கேட்டுத் திட்ட இயக்குநர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சுவர் முழுக்க 'உயிரியலே நாளைய தொழில்' என்று போஸ்டர் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கத் தெரியாதா என்று கேட்டேன். "அடுத்த வருஷம் மறுபடி குடுங்க, பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷமாம்!

மே 31
பட்டறைக்காரர் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பழைய கெமிக்கலுக்கே போயிட்டேன்." அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 9
இயக்குநரின் போன். "அன்னைக்கு நீங்க கத்தினதுல ஒண்ணும் தப்பில்ல. இந்த விஷயம் தெரிஞ்ச ஆள் எங்ககிட்ட இல்ல. தொழில்நுட்ப அலுவலரா வாங்களேன்." கொன்றவர்களே வேலையும் தருகிறார்கள். என்ன நெஞ்சழுத்தம்! பட்டென்று வைத்துவிட்டேன்.

ஜூன் 10
நான் போகாவிட்டால் அடுத்தவர் குழாயும் அதே அலமாரிக்குத்தான் போகும். போனால், ஊழியர் குடும்பத்துக்கு இடமில்லை என்ற விதிப்படி, எங்கள் ஈஸ்ட்டுக்காக இந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கவே முடியாது. நாத்தனாரிடம் சொன்னேன். "அப்ப நம்மளோடது?" என்று மட்டும் கேட்டாள். நான் இயக்குநரின் எண்ணைத் தேடி எடுத்தேன்.

ஆகஸ்ட் 18
போன மாதம் எங்கள் ஆய்வகத்தைக் காலி செய்தபோது, நாத்தனார் எங்கள் ஃபிரிட்ஜை என் அலுவலகத்துக்கே அனுப்பிவைத்தாள். கூட ஒரு சீட்டுகூட இல்லை. அன்றைக்குத்தான் யாரோ ஒருவர் தோல் பதனிடும் பாக்டீரியா கொடுத்திருந்தார். கோப்பின் நாடாவை வெட்டிக் குழாயை ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன்.

இன்று எனக்கு மெமோ: 'இணைப்பைக் கோப்பிலிருந்து பிரித்ததற்கு விளக்கம் தருக.'

எழுதிக் கொடுத்தேன்: 'பிரித்தது நான்தான். சோதனையில் மாதிரி வளர்ந்திருக்கிறது.'