குறையாத தண்ணீர் பாட்டில்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படியே என்று எழுதிவிடாதே, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததை மாப்பிள்ளை போனில் சொல்லிவிட்டார். என்னிடம் வெறும் சளி என்றுதானே சொன்னாய். இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னியைக் காப்பாற்ற முடியாது என்றாராமே டாக்டர். அப்பா அன்றைக்கு முழுக்கக் கழற்றிப் போட்ட ரேடியோவைத் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"டூட்டிக்குப் பஸ்ஸுல ஏறிட்டா தண்ணியே குடிக்கறதில்ல அத்தை" என்றார் மாப்பிள்ளை. தண்ணீர் குடிக்கக்கூடவா சோம்பேறித்தனம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு நேற்று கண் டாக்டரிடம் போகப் பஸ் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெயில் கண்ணாடி வழியாக அவர் மடியிலேயே விழுகிறது, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, காலடியில் பாட்டில் நிறையத் தண்ணீர். திரும்பி வரும்போதும் அதே வண்டி, அதே ஆள், பாட்டிலும் துளி குறையாமல் அப்படியே. கேட்டேவிட்டேன். "குடிச்சா எங்கம்மா போறது, கடைசி ஸ்டாப்புல இருக்கற கக்கூசும் பூட்டிக் கிடக்கு" என்றார். ஆண்பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் நீ என்ன பாடு பட்டிருப்பாய். உன்னைப் போய்ச் சோம்பேறி என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாதி வழியில் அந்த மனுஷனுக்கு அடக்க முடியாமல் போய், வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு பெட்ரோல் பங்குக்குள் ஓடினார். அவ்வளவுதான், பஸ்ஸுக்குள்ளே ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள், திட்டில் முதலில் இழுத்தது அவரைப் பெற்றவளைத்தான். திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்தார். எனக்கு உன் ஞாபகம் வந்து அழுகையை அடக்க முடியவில்லை.

வேலையை விடு என்று சொல்ல வாய் வரவில்லை. நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற போட்டோவை அப்பா பால்காரர் வரைக்கும் காட்டிவிட்டார். எனக்காக ஒன்றே ஒன்று செய். பாட்டிலைக் காலி பண்ணு. வந்தால், எங்கே கதவு திறந்திருக்கிறதோ அங்கே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போ. மாத்திரையைப் பாதியில் விட்டுவிடாதே. உடம்பு தேறி நூறாயுசு நன்றாக இருக்க வேண்டும் நீ. ஐந்து நிமிஷம் தாமதமானதற்கு அங்கேயும் உன் அம்மாவைத்தான் திட்டுவார்கள். திட்டட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு உனக்கு வேறென்ன செய்ய முடிகிறது என்னால்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்