குருடாயிலுக்குத் திருநீறு

மாப்ளே,

இன்று காலை என் மருமகனின் டிராக்டர் வாசலில் நின்றபடியே எண்ணெயை ஒழுகவிட்டது. அந்த வாசனை எழுந்து வந்து என் காப்பிக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாய் குடித்தேன், நீ வந்து முன்னால் நின்றுவிட்டாய். ஆகவே இம்மடல். எட்டுத் திசையும் சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்: இதில் நான் எழுதப்போவதை எவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பவேண்டாம். நீ அங்கே இருந்தாய் என்பதெல்லாம் ஒரு காரணமே ஆகாது.

வெள்ளைக்காரன் ஆண்ட முப்பதுகளில், தொண்டாமுத்தூர்ப் பக்கம் முதன்முதலாக வந்த எண்ணெய் எஞ்சின் லாரி நம்முடையது. டீசல் என்ற பேர் அப்போது யார் வாயிலும் நுழையவில்லை. குரூடாயில் என்று கம்பெனிக்காரன் சொன்னதை ஊரார் குருடாயில் என்று திருத்திக்கொண்டார்கள். நெருப்புப் பொறி இல்லாமலே எரிகிற எண்ணெய் ஆயிற்றே, கண் தெரியாமல்தான் எரிகிறது போலும் என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்கள். அது விட்ட புகையில் பட்டப்பகலில் கோழிகள் கூடையைத் தேடின. அது போட்ட சத்தத்தில் பழநியில் ஒருவருக்கு மொட்டை அடிக்கும்போது கத்தி நழுவியது.

அந்த லாரியை வாங்கச் சொல்லி நம் முதலாளியைப் பிடித்த பேய் நீதான். டவுனில் கோட்டைமேட்டு பாய் வீட்டுப் பிள்ளை, ஃபிட்டர், டிரைவர், வாய்ச்சவடால் மூன்றும் ஒரே சம்பளத்தில். நானோ சரக்குக்குக் காவலாக உன் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குகிற உத்தியோகம். முதலாளியின் மச்சினருக்கு மாட்டுவண்டிகள் இருந்தன. லாரி வந்த நாள் முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாமன் மச்சினன் பேச்சு முற்றி, ஒருநாள் முதலாளி உன்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஏனப்பா, நாளைக்கு வண்டிகளும் தேங்கா ஏத்திட்டுப் போகுது, நீயும் ஏத்திட்டுப் போற. மண்டிக்கு மாடு முன்னால போய்ச் சேந்துச்சுன்னா, லாரிய வித்துப்போட்டு நான் மறுபடியும் மாடு புடிச்சுக்கறேன். நீ உன்ற ஊட்டுக்குப் போய்க்க."

நீ சிரித்தாய். வண்டிகள் விடியுமுன் புறப்பட்டன. நீ வெயில் ஏறும்வரை தலை சீவிக்கொண்டிருந்தாய். வழியில் அவற்றைத் தாண்டியபோது ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாக ஹாரன் அடித்தாய். மாடுகள் அதை மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பேரூருக்குச் சற்று முன்னால் ஒரு பிள்ளையார், பக்கத்தில் ஒரு இட்லிக்கடை. சரியாக அங்கே லாரி இருமியது, விக்கியது, நின்றது. மூடியைத் தூக்கினால் எஞ்சின் முழுக்க எண்ணெய்க் குளியல். பின்பக்கம் பம்ப் இருக்கும் இடத்தில்தான் ஈரம் அதிகம். "இதுதான் மாமா" என்று அங்கே இருந்த நட்டை இறுக்கினாய். கிளப்பினோம், ஒழுகியது. இன்னும் இறுக்கினாய், இன்னும் ஒழுகியது. அந்த வாசனைக்கு மலையிலிருந்து ஒரு யானை இறங்கி வந்து, முகர்ந்து, தும்மியது. நாலு தென்னையில் காய் உதிர்ந்தது.

கடைக்கார அம்மணி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, கண்ணு தெரியாத எண்ணெய்ன்னா வழி தெரியாமத்தானுங்க போகும்? அதைப் போய் வைவானேன்?"

உன் வாய் மூடியதை அன்றுதான் பார்த்தேன். போகப்போவது வேலை மட்டுமல்ல. எஞ்சின்காரன் என்று நீ நிமிர்ந்து நடக்கிற நடையும் அன்றோடு போய்விடும். இட்லியைப் பிட்டாய், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அம்மணியின் முகத்தையே வெறித்தாய். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன், அவர் கையில் கரண்டி இருந்தது.

"மாமா, அவிய நெத்தியப் பாருங்க."

நெற்றி நிறையத் திருநீறு. அடுப்புச் சூட்டில் வேர்வை ஒரு சொட்டு கிளம்பி, வெள்ளையைக் கிழித்துக்கொண்டு கன்னம் வரை ஓடி, தாடையில் தொங்கியது. தாடைதான் நனைந்திருந்தது. ஆனால் கிளம்பிய இடம் எதுவென்று நெற்றியில் கோடு போட்டுக் காட்டியது திருநீறு.

"ஈரமா இருக்கிற எடம் வேற, ஒழுகற எடம் வேற!" என்று கத்தினாய். "முன்னாடி எங்கியோ ஒழுகுது, எஞ்சின் காத்தாடி அதைப் பின்னாடி அடிக்குது. எல்லாத்தையும் தொடச்சுப்போட்டு, மேல பொடியத் தூவிக் கிளப்பினா எது மொதல்ல கறுக்குதோ அதுதான்!"

துடைக்க என் புதுத் துண்டு போயிற்று. பொடிக்குப் பிள்ளையார் முன்னால் கொட்டாங்குச்சியில் திருநீறு இருந்தது. நீ கையை நீட்டி, பின்னால் இழுத்துக்கொண்டாய். "சாமி பொருள். நீங்க கேட்டுப்போட்டு எடுங்க மாமா, நீங்களே பூசுங்க. நான் பாக்கறேன்."

அம்மணி உத்தரவு கொடுத்தார்: "எடுத்துக்குங்க. அவுரும் ஒரு வண்டி வெச்சு ஓட்டறவருதானுங்க. எலிக்கு இந்தத் தொந்தரவு இல்ல, அவ்வளவுதான்."

நான் எஞ்சினுக்குப் பட்டை பட்டையாகப் பூசி முடிக்கவும் மாட்டுவண்டிகள் வந்து சேரவும் சரியாக இருந்தது. அவர்கள் ஏளனம் செய்ததுகூட எவ்வளவு மரியாதை!

"ஏனுங்க, கயிறு வேணுங்களா? கட்டி இழுத்துட்டுப் போறமுங்க!"

"லாந்தராட்ட வண்டிக்குக் கீழதானுங்க கட்டித் தொங்கவுடோணும், எடமிருக்குதுங்க!"

பேசிக்கொண்டே கிட்டே வந்தவர்கள் எஞ்சினைப் பார்த்தார்கள். தலைப்பாகை இறங்கியது, செருப்பு கழன்றது. "பூசை நடக்குதாட்ட இருக்குதுங்களே, முன்னமே சொல்லப்படாதுங்களா?" என்று மச்சினரின் மூட்டையிலேயே தேங்காய் எடுத்து உடைத்தார்கள். ஒருவர் கற்பூரத்தைப் பற்றவைக்கப் போனார். நீ அந்தரத்தில் பறந்து அவர் கையைப் பிடித்தாய்:

"எல்லாம் பண்ணுங்க, கற்பூரம் மட்டும் வேண்டாமுங்க! நாம எல்லாருமே சாமியாயிருவோம்!"

எஞ்சினைக் கிளப்பினாய். முன்பக்கம், வடிகட்டிக்குப் போகும் குழாயின் மூட்டில், வெள்ளைக்கு நடுவே கறுப்பாக ஒரு பொட்டு தோன்றி விரிந்தது.

"குருடாயிலுக்குக் கண்ணு தொறந்துருச்சுங்க!" என்று வண்டிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முன்வண்டியில் இருந்த மச்சினர் தொண்டை கிழியக் கத்தி, அவர்களை ஏற்றிக்கொண்டு போவதற்குள் நமக்கு நல்ல அவகாசம் கிடைத்தது.

மூட்டைக் கழற்றினாய். உள்ளே இருந்த செம்பு வாஷர் கல்லாய் இறுகிக் கிடந்தது. மாற்று வாஷர் கிடையாது. "செவக்கச் சுட்டுத் தண்ணியில போட்டா இளகிரும்" என்று அதை இட்லி அடுப்பின் கங்கில் போட்டாய். "மோதரமுங்களா?" என்றார் அம்மணி. "ஆமாங்க, லாரிக்குக் கல்யாணம்" என்றாய். சிவந்ததை எடுத்து அவருடைய மிளகு ரசத்தில் போட்டாய். அதன் பிறகு அந்த எஞ்சினுக்குச் சளியே பிடித்ததில்லை. திரும்ப மாட்டி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தாய். பால் பொங்குவதுபோல நுரை வந்தது. நுரை அடங்கி, தெளிந்த எண்ணெய் வந்ததும் திருகை மூடினாய். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

உக்கடம் குளக்கரையில் வண்டிகளைத் தாண்டினோம். வண்டிக்காரர்கள் நம்மைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நீ ஹாரன் அடிக்கவில்லை. நீயும் கும்பிட்டாய், அதற்காக ஸ்டீரிங்கை விட்டாய், நான் குளத்துக்குள் என் வாழ்க்கை முழுவதையும் பார்த்தேன். மண்டி வாசலில் முதலாளி நின்றிருந்தார். லாரியைச் சுற்றி வந்து, மூக்கை உறிஞ்சி, "பொறவு என்ன, நாளைக்கும் லோடு இருக்குது" என்றார். நீ கீழே இறங்கி, வேண்டுமென்றே நிமிர்ந்து நடந்தாய்.

அன்று மாலை எஞ்சினைக் கழுவினாய். அந்த மூட்டின்மேல் மட்டும் ஒரு கோடு திருநீற்றைத் துடைக்காமல் விட்டாய். "இருக்கட்டும் மாமா. மறுபடி ஒழுகுனா அது சொல்லும்."

நீ போய்விட்டாய் என்று தகவல் வந்த அன்று நான் கோட்டைமேட்டுக்கு வந்தேன், அழவில்லை. ஊரே பார்த்தது. இன்று காலை மருமகன் டிராக்டரின் அடியில் படுத்துக்கொண்டு ஈரமான நட்டையெல்லாம் இறுக்கினான். நான் பூசையறைத் திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து, எல்லாவற்றையும் துடைத்துத் தூவினேன். "ஏனுங்க மாமா, டிராக்டருக்குக் காது குத்தா?" என்றான். கிளப்பியதும் கறுப்புப் பொட்டு தெரிந்த இடத்துக்கு ஸ்பானரை நகர்த்தினான். பிறகு என்னைப் பார்த்து, "உங்க கண்ணுல என்னங்க?" என்றான். புகை என்றேன். என் திருநீறு நெற்றியில் இருக்கிறது, கண் அதற்குக் கீழே. எங்கிருந்து ஒழுகியது என்று எவராலும் நிரூபிக்க முடியாது.

சரி மாப்ளே, உனக்கு மட்டும் சொல்கிறேன். யானை பொய். பழநி மொட்டை பொய். மிளகு ரசம் பொய், வெறும் தண்ணீர்தான். ஸ்டீரிங்கை நீ விட்டதும் பொய். உயிரே போனாலும் நீ அதை விடமாட்டாய். அந்த ஒற்றைக் கோடு மட்டும் மெய். லாரியை விற்கிற நாள்வரை அது நனையவில்லை.