பச்சைப் புள்ளி

மார்ச் 4

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

போன கடிதத்துக்கும் பதில் இல்லை. கை ஒடிந்துவிட்டதா, இல்லை பெரிய டாக்டர் என்ற திமிரா?

படிக்கிற காலத்தில் நாம் எலிகளுக்கு ஊசி போட்டோமே, அதே மார்பகப் புற்று மருந்தை இப்போது பெண்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பல ஆஸ்பத்திரிகளிலிருந்து அவர்களுடைய திசு ஸ்லைடுகள் என்னிடம் வருகின்றன. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நேற்று ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. மருந்து முடித்தவளின் அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சு. சுத்தமாக இருந்தால் அவளுக்கு விடுதலை. இல்லையென்றால் வேறு மருந்து, இன்னொரு வருஷம். ஓரத்தில் சின்னதாக ஒரு செல் கொத்து தெரிந்தது.

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கும் நம் பழைய இரட்டைத் தலை மைக்ராஸ்கோப் ஞாபகம் வந்தது. இது புற்று செல் என்று நான் பச்சைப் பேனாவால் புள்ளி வைத்ததுமே எதிரே உட்கார்ந்து, "அது செல்லே இல்லடி, சாயக் கறை" என்று வக்கீல் மாதிரி சண்டைக்கு வருவாய். டீ ஆறிப்போகும் வரை விடமாட்டாய். பாதி நாள் நீதான் ஜெயிப்பாய், சண்டாளி. நேற்று எதிரே யாருமில்லை. புள்ளி வைத்துவிட்டேன். யார் பெற்ற பிள்ளையோ, பாவம்.

உன் குண்டூசி


மார்ச் 15

என் குண்டூசிக்கு,

கை ஒடியவில்லை. மார்பில் கட்டி. நீ புள்ளி வைத்தது எனக்குத்தான்.

முன்னாலேயே சொல்லியிருந்தால் ஸ்லைடை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருப்பாய். எனக்கு உன் கண்தான் வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். நானும் மூடுவேன் என்று இப்போதாவது நம்பு.

ஸ்லைடு இங்கே, நாம் படித்த இந்த ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தது. பச்சைப் புள்ளி, பேனாவை ஒழுங்காக எடுக்கத் தெரியாமல் நீ விடும் அந்த வால். பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம் மைக்ராஸ்கோப் இன்னும் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. என் பழைய இடத்தில் உட்கார்ந்து, கறை என்று சொல்ல ஏதாவது வழி கிடைக்குமா என்று சாயங்காலம் முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. நீ வைத்தது சரிதான்டி. அடுத்த வாரம் வேறு மருந்து தொடங்குகிறார்கள்.

கோபித்துக்கொள்ளாதே.

உன் வக்கீல்


மார்ச் 18

வக்கீலம்மா,

கோபம்தான். உன்னிடம் இல்லை, என் கண்ணிடம்.

இது உன் கைக்கு வரும்போது நான் ரயிலில் இருப்பேன். லீவு போட்டாயிற்று, நீ மருந்து ஏற்றிக்கொள்ளும்போது பக்கத்தில்தான் இருப்பேன். அதற்கு முன்னால் அந்த ஸ்லைடை எடுத்து வை. நீ உன் பக்கம் உட்கார், நான் என் பக்கம்.

இத்தனை வருஷமாக உன் வாயை மூடச் சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது கெஞ்சுகிறேன். சரி என்று அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ளாதே. கறை என்று சொல்லி என்னோடு சண்டை போடு. டீ ஆறினால் ஆறட்டும். இந்த ஒரு தடவை நான் தோற்கத்தான் வருகிறேன்.

குண்டூசி