நகராத புள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அடுத்த பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

படகில் கடல் வரைபடம் பார்க்க மலிவாக ஒரு டேப்லெட் வாங்கிவர முதலாளி என்னை அனுப்பினார். இருந்ததிலேயே விலை குறைந்ததை எடுத்தேன். கடைக்குள் வைஃபையில் நான் நின்ற தெருவையே கச்சிதமாகக் காட்டியது, நம்பிவிட்டேன். நேற்று பனிமூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டோம். படகோட்டும் அண்ணன், "எங்கப்பா இருக்கோம்?" என்றார். பார்த்தால், படகைக் காட்டும் புள்ளி இன்னும் துறைமுகத்திலேயே நிற்கிறது. அந்த டேப்லெட்டில் ஜிபிஎஸ்ஸே இல்லையாம். "கரையிலதான் இருக்கோம்ணே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பாறையில் அலை அறையும் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. நங்கூரம் போட்டு, பனி விலகும்வரை அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தோம். இப்போதும் குளியலறையில் யாராவது தண்ணீர் ஊற்றினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். "புதுசுதானே, கொஞ்ச நாள் ஓட்டுங்க" என்கிறார்.

பீரோவில் என் பழைய ஃபோன் இருக்கும். கண்ணாடி உடைந்திருந்தாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அதில் நம் வீட்டைக் குறித்து வைத்திருக்கிறேன். தங்கச்சி அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கீழேயிருந்து கூப்பிடுகிறார். இன்றும் பனி, எதிர்க் கட்டிடமே தெரியவில்லை. கிளம்புகிறேன்.

அம்மா கேட்டால், நான் கரையில்தான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்